பழைய வீட்ட ஆல்ட்ரேஷன் பண்றதா, வித்துட்டு வேற வீடு போறதா? நாங்க முடிவு பண்ண விதம்

எங்க வீடு மடிப்பாக்கத்துல, கீழ்க்கட்டளை ஒட்டி. மாமா, அதாவது என் மாமனார், 1991ல கட்டினது. அரை கிரவுண்டு, 1200 சதுரடி நிலம், அதுல 850 சதுரடிக்கு கீழ்த்தளம் மட்டும், ரெண்டு பெட்ரூம். மாமா இப்ப இல்ல. அத்தை, நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேருன்னு அஞ்சு பேரு இருக்கோம். பசங்க வளர வளர இடம் பத்தல, ஒருத்தன் படிக்கணும்னா இன்னொருத்தன் டிவிய ஆஃப் பண்ணணும், இப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு நாள் சாயங்காலம் ஹால் சீலிங்லேர்ந்து ஒரு தட்டு அளவுக்கு பூச்சு பெயர்ந்து சோபா மேல விழுந்துச்சு, நல்லவேளை யாரும் உக்காந்திருக்கல. அன்னிக்கு ராத்திரியே எங்க வீட்டுக்காரர் வித்துட்டு பிளாட் பாத்து போயிடலாம்னாரு. அத்தை ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போயிட்டாங்க.

அதுக்கப்புறம் முடிவு எடுக்க எட்டு மாசம் ஆச்சு. இப்ப தெரிஞ்சத அப்பவே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு மாசத்துல முடிச்சிருப்போம், அதனாலதான் இத எழுதறேன். எல்லாரும் மொதல்ல கேக்கறது ஆல்ட்ரேஷனுக்கு எவ்வளவு ஆகும், புது வீட்டுக்கு எவ்வளவு ஆகும்னுதான். அது ரெண்டாவது கேள்விங்க. மொதல் கேள்வி, உங்க குறை வீட்டு மேலயா இல்ல தெரு மேலயா. வீட்டுக்குள்ள இருக்கிற குறைய காசு செலவு பண்ணி சரி பண்ணிடலாம், காம்பவுண்டுக்கு வெளிய இருக்கிறத நீங்க எத்தனை லட்சம் போட்டாலும் சரி பண்ண முடியாது. இத பிரிச்சுப் பாக்காம கொட்டேஷன் வாங்க ஆரம்பிச்சா தலைதான் சுத்தும்.

காலண்டர் தாள் வேலை

நாங்க பண்ணது ரொம்ப சிம்பிள். தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாள தூக்கிப் போடாம கிச்சன்ல ஒரு டப்பாவுல போட்டு வச்சோம், பக்கத்துல ஒரு பேனா. அன்னிக்கு இந்த வீட்டுனால யாருக்கு என்ன கஷ்டமோ அத அந்த தாளுக்கு பின்னாடி எழுதி டப்பாவுல போடணும், பேரு போட வேண்டாம், திட்டக்கூடாது, அன்னிக்கு நிஜமா நடந்தது மட்டும் எழுதணும். ஒரு மாசம். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தரையில கொட்டி ரெண்டா பிரிச்சோம், வீட்டுக்குள்ள இருக்கிறது ஒரு பக்கம், வெளிய இருக்கிறது ஒரு பக்கம்.

உள்ள: குளிக்க க்யூ, ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருது, கிச்சன்ல ரெண்டு பேரு நிக்க முடியல, படிக்க இடமில்ல, மிக்ஸி போட்டா லைட்டு மங்குது, பெட்ரூம் சுவத்துல ஓதம் ஏறி பெயிண்ட் பொரிஞ்சு கொட்டுது. வெளிய: மெட்ரோ வேலை தூசி, மழை நாள்ல தெருமுனையில தண்ணி, கார் நிறுத்த இடமில்ல. எண்ணிப் பாத்தா மூணுல ரெண்டு பங்குக்கு மேல உள்ளதான் இருந்துச்சு. மெட்ரோ தூசியும் வேலை முடியற வரைக்கும்தான், மாதவரம் சோழிங்கநல்லூர் பாதை எங்க ஏரியா வழியா வருது, அது ஓட ஆரம்பிச்சா பையன் காலேஜுக்கு அதுலயே போகலாம். அத்தையோட கையெழுத்துல நாலு தாள்ல ஒரே விஷயம்தான் இருந்துச்சு, "பாத்ரூம் படி". அவ்வளவுதான். எட்டு இஞ்ச் படி, முட்டி வலியோட தினமும் எத்தனை தடவை ஏறி இறங்கறாங்கன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

உங்க வீட்டுல இது தலைகீழாவும் வரலாம். தாள்ல பாதிக்கு மேல "ஆபீஸ் போக ரெண்டு மணி நேரம்", "ஸ்கூல் தூரம்", "ராத்திரி தெருவுல நடக்க பயமா இருக்கு"ன்னு வந்தா ஆல்ட்ரேஷன் பக்கமே போகாதீங்க. புது டைல்ஸ் போட்ட வீட்டுலேர்ந்தும் அதே ரெண்டு மணி நேரம்தான் ஆபீசுக்கு.

ரோடு உங்க வீட்ட விட உசரமா?

சென்னையில இருக்கிறவங்க இத கண்டிப்பா பாக்கணும். ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்ட சுரண்டாம அது மேலயே போட்டு போட்டு, ஒரு காலத்துல மூணு படி ஏறி போன வீடெல்லாம் இப்ப படி இறங்கி போற மாதிரி ஆயிடுச்சு. பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுதான் புதுசா போடணும்னு அரசு உத்தரவே இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஏறின உசரம் ஏறினதுதான்.

கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. கொத்தனாருங்க வச்சிருக்கிற தண்ணி ட்யூப் இருக்கே, கண்ணாடி மாதிரி தெரியுற ட்யூப்ல தண்ணி ரொப்பினது, அதோட ஒரு முனைய ரோடு நடுவுல ஒரு குச்சியோட சேத்து பிடிக்கணும், இன்னொரு முனைய ஹால் சுவத்துல. ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அந்த மட்டத்துலேர்ந்து கீழ ரோடு எவ்வளவு, ஹால் தரை எவ்வளவுன்னு டேப் வச்சு அளந்தா வித்தியாசம் அப்படியே வந்துடும். உள்ள காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கோங்க, இல்லன்னா அளவு தப்பா வரும். எங்களுக்கு தரை ரோட்ட விட ஏழு இஞ்ச் மேல இருந்துச்சு. பெருசா ஒண்ணும் இல்லன்னாலும் 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் வாசல் படி வரைக்கும் வந்த தண்ணி உள்ள ஏறல, அந்த ரெண்டு மழையிலயும் தப்பிச்ச வீடுங்கறது எங்களுக்கு பெரிய சாட்சி.

எங்க நாத்தனார் வீடு வேளச்சேரி பக்கம், அங்க கதை வேற. 2015ல முட்டிக்கு மேல தண்ணி, எல்லாத்தையும் மாத்தி புது டைல்ஸ், புது கபோர்டுன்னு போட்டாங்க, 2023ல மறுபடியும் அதே தண்ணி அதே கபோர்டுல. இப்படி இருக்கிற வீட்டுல தரைய மட்டும் உசத்திடலாம்னு மேஸ்திரி சொல்லுவாரு, ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. ஒன்றரை அடி தரைய உசத்தினா ஏழடி கதவு அஞ்சரை அடி ஆயிடும், கதவுக்கு மேல இருக்கிற லிண்டல உடைச்சாதான் கதவ தூக்க முடியும், ஜன்னல் திண்டு முட்டிக்கு கீழ வந்துடும், ஃபேன் தலைக்கு கிட்ட வந்துடும். இதெல்லாம் சேத்தா பாதி வீட்ட இடிச்ச மாதிரிதான்.

இன்னொரு வழி, ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறது. சென்னையில இத நெறைய பேரு பண்ணியிருக்காங்க, ஹரியானாலேர்ந்து வர்ற டீமுங்க பண்றாங்க. அஸ்திவாரத்த ஒட்டி சுத்தி தோண்டி, சுவத்துக்கு கீழ வரிசையா நூத்துக்கணக்குல ஜாக்கி சொருகி, எல்லாரும் ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி ஏத்தி, அடியில செங்கல் வச்சு கட்டிட்டு வருவாங்க. வீடு நிக்கும், ஆனா தரை மேல வராது, சுவர் மட்டும்தான் வரும், அதனால உள்ள ரொப்பி தரை புதுசா போடணும், சம்ப், செப்டிக் டேங்க், பைப் லைன் எல்லாத்தையும் மாத்தணும். அவங்க சொல்ற ரேட்டுல இதெல்லாம் சேந்திருக்கான்னு கேளுங்க. வீட்டு எலும்பு நல்லா இருந்தா மட்டும்தான் இது. என் நாத்தனார் வித்துட்டாங்க, அவங்களுக்கு அதுதான் சரி, அவங்க தாள்ல எழுதியிருந்தா எல்லா தாள்லயும் "தண்ணி"ன்னுதான் இருந்திருக்கும்.

எலும்பு எப்படி இருக்கு

சீலிங் விழுந்த அன்னிக்கு நாங்க பயந்தது, வீடே போச்சுன்னு. மொதல்ல வந்த கான்ட்ராக்டர் மேல பாத்துட்டு நின்ன இடத்துலயே இடிச்சு கட்டிடுங்கம்மான்னாரு. ரெண்டாவதா வந்தவரு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா தெரியாதுன்னாரு. ரெண்டு பேருமே சுத்தியல் கூட எடுக்கல. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வரச் சொன்னோம். வேலை எடுக்கப் போறவரே செக் பண்ணக்கூடாதுங்க, செக் பண்றவருக்கு தனியா ஃபீஸ் குடுங்க, இந்த மொத்த விஷயத்துலயும் நாங்க செலவு பண்ண காசுல ரொம்ப உருப்படியான காசு அதுதான்.

அவரு சின்ன சுத்தியலால சீலிங் முழுக்க தட்டிக்கிட்டே வந்தாரு. நல்ல இடம் கணீர்னு கேக்கும், பூச்சு விட்டுப்போன இடம் டொப்புன்னு காலியா கேக்கும், அந்த இடத்த மட்டும் சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு. அப்புறம் ரெண்டு இடத்துல லேசா உடைச்சு, தூசிய தட்டிட்டு, ஒரு பாட்டில்லேர்ந்து ஸ்ப்ரே அடிச்சாரு. ஃபினாப்தலீன், பிளஸ் டூ லேப்ல டைட்ரேஷனுக்கு விடுவோமே அதே தான். உடைச்ச பள்ளத்துல வெளி ஓரம் மட்டும் கலர் மாறாம சாம்பலாவே இருந்துச்சு, உள்ள போகப் போக ரோஸ் கலர் அப்படியே பூத்து வந்துச்சு. அத்தை ஸ்டூல் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்தாங்க. அவரு விளக்கினது இதுதான்: நல்ல கான்கிரீட்டுக்கு காரத்தன்மை உண்டு, அது இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்காது, வருஷக்கணக்குல காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் அந்த காரத்த எடுத்துடும், ரோஸ் வரலன்னா காரம் போயிடுச்சுன்னு அர்த்தம். அது கம்பி வரைக்கும் போயிட்டா துரு ஆரம்பிக்கும், துரு ஏறின கம்பி ஊதும், ஊதி கீழ இருக்கிற கான்கிரீட்ட தள்ளி விட்டுடும், அதான் சோபா மேல விழுந்தது. எங்களுக்கு ஹால்ல கம்பி இருக்கிற ஆழத்துல ரோஸ் இருந்துச்சு. ஓவர்ஹெட் டேங்குக்கு கீழ இருக்கிற மூலையில மட்டும்தான் ரோஸ் வரல, அங்க டேங்க் கசிஞ்சு கசிஞ்சு ஊறியிருக்கு. அப்ப பிரச்சினை வீடு இல்ல, டேங்க். இந்த ஒரு ஸ்ப்ரேயில எங்க வீட்டு பேச்சே மாறிடுச்சு.

நீங்களே பாக்கக்கூடியது விரிசல். தலைமுடி மாதிரி, சிலந்தி வலை மாதிரி பூச்சுல மட்டும் இருக்கிறதுக்கு பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா, படிக்கட்டு மாதிரி செங்கல் ஜாயிண்ட் வழியா போற விரிசல், வெளிப்பக்கமும் அதே இடத்துல தெரிஞ்சா, அஸ்திவாரம் இறங்குதான்னு பாக்கணும். அதுக்கு மெல்லிசான கண்ணாடித் துண்ட விரிசலுக்கு குறுக்க வச்சு ரெண்டு முனையும் சிமெண்ட்ல ஒட்டி தேதி எழுதி விட்டுடுங்க, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் போகட்டும். கண்ணாடி உடைஞ்சா வீடு இன்னும் நகருதுன்னு அர்த்தம், அப்ப டைல்ஸ் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க, மொதல்ல இன்ஜினியர்.

ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வந்ததுக்கு காரணம் பழைய ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப். பிளம்பர் ஒரு சாண் வெட்டி கையில குடுத்தாரு, வெளிய பாத்தா முக்கா இஞ்ச் பைப், உள்ள துரு அடைச்சு பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை. வருஷக்கணக்கா மோட்டார் சரியில்லன்னு மோட்டார திட்டிக்கிட்டு இருந்திருக்கோம். வயரிங்கும் அப்படித்தான், இன்னும் பீங்கான் ஃப்யூஸ் கேரியர், பாதி பாயிண்டுக்கு எர்த்தே இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல ஆன வீடுன்னா பைப்பும் வயரும் முழுசா மாத்தறதா நெனச்சே பட்ஜெட் போடுங்க, அங்கங்க ஒட்டுப் போடறது வேஸ்ட்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். அந்த காலத்து வீடு நெறைய பில்லர் இல்லாத வீடு, ஒன்பது இஞ்ச் சுவர்தான் மேல இருக்கிற தளத்த தாங்குது. ஹாலையும் பக்கத்து ரூமையும் சேத்துடலாம், சுவர எடுத்துடலாம்னு ஈசியா சொல்லுவாங்க. எங்களுக்கும் சொன்னாங்க. எந்த சுவர் லோடு தாங்குது, எது வெறும் தடுப்பு சுவர்னு இன்ஜினியர் டிராயிங்ல குறிச்சு குடுக்காம ஒரு செங்கல கூட எடுக்க விடாதீங்க.

வீடு யாரு பேர்ல இருக்கு

இது பேச சங்கடமான விஷயம், அதனாலதான் எல்லாரும் கடைசியில பேசறாங்க, அப்ப காசு எல்லாம் செலவாகியிருக்கும். வீடு மாமா பேர்ல இருந்துச்சு, அவரு உயில் எழுதல. இந்து குடும்பத்துல அப்படி காலமானா, சுயமா சம்பாதிச்ச சொத்துல மனைவி, பையன், பொண்ணு, அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும், எல்லாருக்கும் சம பங்கு, பொண்ணுக்கு கல்யாணம் ஆயிடுச்சுங்கறதெல்லாம் கணக்கே இல்ல. எங்க கேஸ்ல அத்தை, எங்க வீட்டுக்காரர், நாத்தனார், மூணு பேரு. நாங்க லட்சக்கணக்குல போட்டு மாடி கட்டி வச்சுட்டு அப்புறம் பங்கு பேசினா யாருக்கும் நல்லதில்ல, எங்களுக்கும் மனசு கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் உக்காந்து பேசி, நாத்தனார் பங்குக்கு ஒரு தொகை குடுத்து, விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணி, பட்டா பேர் மாத்தி, அதுக்கப்புறம்தான் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்தோம். வாய்வார்த்தையா "அதெல்லாம் நான் கேக்க மாட்டேன்"னு சொன்னா அது அன்பு, அத மதிக்கணும், ஆனா பத்திரம் வேணும். பேங்க் லோனுக்கும் இது இல்லாம நடக்காது.

மனை அப்ரூவ்டான்னும் பாத்துக்கோங்க. அங்கீகாரம் இல்லாத மனைய, 2016 அக்டோபர் 20க்குள்ள பதிவானதுன்னா, வரன்முறை பண்ண 2017ல அரசு வழி குடுத்துச்சு. அது பண்ணாம விட்டிருந்தா வாங்க வர்றவங்களுக்கு பேங்க் லோன் கெடைக்கறது கஷ்டம், அப்ப விலையும் அடிச்சுக் கேப்பாங்க, அந்த மாதிரி வீட்ட அவசரமா விக்கறது நஷ்டம்தான்.

இப்ப காசு

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். உங்க வீடு 90 லட்சத்துக்கு போகுது, நீங்க பாத்து வச்சிருக்கிற வீடு 1 கோடியே 20 லட்சம்னு வைங்க. எல்லாரும் நடுவுல இருக்கிற 30 லட்சத்த மட்டும்தான் பாக்கறாங்க. தமிழ்நாட்டுல கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசு குறிச்சிருக்கிற விலை, இல்ல நீங்க பேசின விலை, ரெண்டுல எது அதிகமோ அதுக்கு. 2023 ஏப்ரல்ல பதிவுக் கட்டணத்த 4லேர்ந்து 2 ஆக்கினாங்க, அதோடயே வழிகாட்டி மதிப்ப ஏத்திட்டாங்க, அதனால குறைஞ்சுதுன்னு ரொம்ப சந்தோஷப்பட முடியாது. 1.2 கோடிக்கு 9 சதவீதம்னா 10 லட்சத்து 80 ஆயிரம். புரோக்கருக்கு விக்கறதுல ஒரு சதவீதம் வாங்கறதுல ஒரு சதவீதம்னு வச்சா இன்னும் 2 லட்சத்து 10 ஆயிரம். கிட்டத்தட்ட 13 லட்சம், ஒரு செங்கல் கூட வாங்காம. அப்புறம் புது வீட்டுக்கு போனா கபோர்டு, கிச்சன், கொசுவலை, கிரில், ஏசி கழட்டி மாட்டறதுன்னு அது ஒரு பக்கம். வீடு மாறணும்ங்கற முடிவுக்கு இந்த 13 லட்சம்தான் நிஜமான விலை, அந்த காசுக்கு இப்ப இருக்கிற வீட்டுல என்னென்ன முடியும்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எங்களுக்கு பைப், வயரிங், டேங்க், சீலிங் ரிப்பேர், ரெண்டு பாத்ரூம், கிச்சன், எல்லாமே அதுக்குள்ள வந்துச்சு.

லோன்லயும் கவனம். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா வீட்டு மதிப்புல 80 சதவீதத்துக்கு மேல பேங்க் தர முடியாது, 75 லட்சத்துக்கு மேல போனா 75 சதவீதம்தான், ரிசர்வ் பேங்க் விதி. அந்த மதிப்புல பத்திரச் செலவு சேராது, அது முழுக்க உங்க கையிலேர்ந்துதான் வரணும். ஆல்ட்ரேஷனுக்கும் லோன் உண்டு, ஏற்கெனவே ஹவுசிங் லோன் இருந்தா டாப்-அப்பும் கேக்கலாம், இன்ஜினியர் எஸ்டிமேட் கேப்பாங்க. வருமான வரியில பழைய முறையில இருக்கிறவங்களுக்கு, வீடு வாங்கின லோன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும் கழிவு, ரிப்பேர் லோன் வட்டிக்கு 30 ஆயிரம்தான், அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ள அடக்கம். புது முறையில இருந்தா குடியிருக்கிற வீட்டுக்கு ரெண்டுமே கெடையாது.

விக்கறதா இருந்தா மூலதன ஆதாய வரி. ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்த வீடுன்னா லாபத்துல 12.5 சதவீதம், 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுன்னா பணவீக்கத்த கழிச்சுட்டு 20 சதவீதம்ங்கற பழைய கணக்கையும் போட்டுப் பாத்து எது கம்மியோ அத கட்டலாம். 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கினதுக்கு அந்த தேதியில இருந்த மதிப்ப விலையா எடுத்துக்கலாம். அந்த லாபத்த ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு வீட்டுல போட்டாலோ, மூணு வருஷத்துக்குள்ள கட்டினாலோ வரி விலக்கு இருக்கு, ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசிடுங்க. மாடி கட்டினா அந்த பில்ல எல்லாம் பத்திரமா வைங்க, பின்னால விக்கும்போது அது செலவுக் கணக்குல வரும்.

ஆல்ட்ரேஷன் பக்கம் இருக்கிற கசப்பான உண்மையும் சொல்லிடறேன். சென்னையில பழைய தனி வீட்ட வாங்க வர்றவங்க நிலத்துக்குத்தான் விலை பேசுவாங்க, நீங்க போட்ட மாடுலர் கிச்சனுக்கு யாரும் காசு தர மாட்டாங்க, சில பேரு இடிக்கிற செலவக் கூட கழிச்சுக் கேப்பாங்க. அதனால நாலஞ்சு வருஷத்துல எப்படியும் வித்துட்டு போயிடுவோம்னு மனசுல இருந்தா ஒழுகறத மட்டும் அடைச்சுட்டு விட்டுடுங்க. பத்து வருஷமாவது இருப்போம்னா மட்டும் பெரிய செலவுல இறங்கலாம். பிளாட்டோட ஒப்பிடும்போது இன்னொண்ணு பாருங்க, 1000 சதுரடி பிளாட் வாங்கினா பிரிக்கப்படாத பங்கா வர்ற நிலம் அதுல பாதி கூட வராம போகலாம், எங்களுக்கு இப்ப இருக்கிறது 1200 சதுரடி சொந்த மண்ணு. நிலத்தோட விலைதான் ஏறும், கட்டடம் வருஷா வருஷம் பழசாத்தான் ஆகும்.

மாடி போடலாமா, பில்டருக்கு குடுக்கலாமா

இடம் பத்தலங்கறதுதான் குறைன்னா மாடிதான் பதில். தளப்பரப்பு குறியீடு 2, அதாவது 1200 சதுரடி மனைக்கு மொத்தமா 2400 சதுரடி வரைக்கும் கட்டலாம், பக்கவாட்டு இடம் விட்டு. 2500 சதுரடி வரைக்கும் மனை, 3500 சதுரடி வரைக்கும் கட்டடம், கீழ்த்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோன்னா 2024லேர்ந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கலாம். ஆனா பழைய அஸ்திவாரம் தாங்குமான்னு தோண்டிப் பாக்கணும், எங்களுக்கு ரெண்டு மூலையில குழி எடுத்துப் பாத்துட்டுதான் இன்ஜினியர் ஓகே சொன்னாரு, அதுவும் மேல லேசான பிளாக் சுவர்தான், சொன்னதுக்கு மேல ஒரு ரூம் கூட ஏத்தக்கூடாதுன்னு.

ஒரு கிரவுண்டோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிறவங்களுக்கு பில்டர் வந்து ஜாயிண்ட் வென்ச்சர் கேப்பாங்க, அதாவது நிலம் உங்களுது, கட்டறது அவங்க, கட்டினதுல பாதி பாதி. நல்லா முடிஞ்ச கேஸும் பாத்திருக்கேன், பாதியில நின்னு வாடகை வீட்டுல வருஷக்கணக்கா இருக்கிற பெரியவங்களையும் பாத்திருக்கேன். நிலம் 500 சதுர மீட்டருக்குள்ள இருந்தாலோ கட்டற வீடு எட்டுக்குள்ள இருந்தாலோ ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல பதிவு தேவையில்ல, ஒரு கிரவுண்டுங்கறது 223 சதுர மீட்டர்தான், அதனால ஒண்ணு ரெண்டு கிரவுண்டு வச்சிருக்கிறவங்களுக்கு அந்த பாதுகாப்பு இருக்காது. முடிக்கிற தேதி, லேட்டானா மாச வாடகை யாரு தர்றது, எல்லாம் பதிவான அக்ரிமெண்ட்ல இருக்கணும், பில்டருக்கு பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி சொந்தமா ஒரு வக்கீல் வச்சு படிச்சுப் பாருங்க.

ஆரம்பிக்கறதுன்னு முடிவானா

நாங்க ஆல்ட்ரேஷன்தான்னு முடிவு பண்ணோம். பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சோம், தளம் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் ஐப்பசி மழைக்குள்ள முடியணும், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மொட்டை மாடிய திறந்து போட்டுட்டு தூங்க முடியாதுங்க. மாடி வேலைக்கு நாலஞ்சு மாசம் வெளிய வாடகைக்கு போறதா இருந்தா இப்பவே தேட ஆரம்பிங்க, குறைஞ்ச மாசத்துக்கு வீடு தர யாரும் சீக்கிரம் ஒத்துக்க மாட்டாங்க, ஆடியிலயும் மார்கழியிலயும் பால் காய்ச்ச வீட்டுல பெரியவங்க விட மாட்டாங்க, அந்த கணக்கையும் சேத்துக்கோங்க. நாங்க உள்ளயே இருந்து பண்ணோம், தூசியில அத்தைக்கு இருமல் வந்துடுச்சு, இன்னொரு தடவைன்னா அவங்கள மட்டுமாவது நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கான்ட்ராக்ட்ல சதுரடிக்கு இவ்வளவுன்னு மட்டும் பேசாதீங்க, ஆல்ட்ரேஷனுக்கு அது ஒத்து வராது, இடிச்சு அள்ளறது, குப்பை லாரி, ரிப்பேர், பூச்சு, பைப்புன்னு வேலை வேலையா எழுதி, எந்த வேலை முடிஞ்சா எவ்வளவு பணம்னு எழுதிக்கோங்க. எஸ்டிமேட்டுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு தனியா எடுத்து வைங்க. பழைய சுவர உடைச்சா உள்ள என்ன இருக்கும்னு யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, எங்களுக்கு கிச்சன் சுவத்துக்கு பின்னாடி யாருக்குமே தெரியாத ஒரு பைப் லைன் ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, பெட்ரூம் ஓதத்துக்கு அதுதான் காரணம்.

வரிசையும் முக்கியம். மொதல்ல டேங்க், சீலிங், விரிசல். அப்புறம் பைப், வயரிங். அதுக்கப்புறம் பூச்சு, டைல்ஸ். பெயிண்டும் கபோர்டும் கடைசி. நாங்க இதுல ஒரே ஒரு விஷயத்த மட்டும் முன்னாடி கொண்டு வந்தோம், அத்தை ரூம் பாத்ரூம். வேலை நடக்கிற வரைக்கும் வீட்டுல ஒரு பாத்ரூமாவது ஓடணுமில்ல, அதனால அத மொதல் வாரத்துலயே முடிச்சோம், படிய எடுத்துட்டு ரூம் தரையும் பாத்ரூம் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல, தண்ணி வெளிய வராம உள்ள வாட்டம் குடுத்து, வழுக்காத டைல்ஸ், சுவத்துல கைப்பிடி. கைப்பிடி எந்த உசரத்துல வேணும்னு அத்தையவே நிக்க வச்சு பென்சில்ல கோடு போட்டுதான் டிரில் பண்ணாங்க.

அப்புறம், சுவத்த காடி வெட்டி பைப்பும் வயர் பைப்பும் பதிச்சதும் கொத்தனார் பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப்ப விரிச்சு பிடிச்சு ஃபோட்டோ எடுத்து வைங்க, தரையிலேர்ந்து எவ்வளவு, மூலையிலேர்ந்து எவ்வளவுன்னு தெரியற மாதிரி. நாங்க எடுத்தத பிரிண்ட் போட்டு வீட்டுப் பத்திரம் இருக்கிற ஃபைல்லயே வச்சிருக்கோம். போன மாசம் கிச்சன்ல ஒரு ஷெல்ஃப் மாட்ட வந்தவரு அத பாத்துட்டு ரெண்டு இஞ்ச் தள்ளி ஓட்டை போட்டாரு.